சம்பந்தியும் சோதனைப் பாட்டில்களும்

என் சம்பந்தி யாருடைய முகத்தையும் பார்த்துப் பேசி நான் கண்டதில்லை. கல்யாணம் நிச்சயமான பிறகு முதன்முறையாக எங்கள் வீட்டுக்கு வந்தவர், என் கணவர் கேட்ட கேள்விக்கெல்லாம் ஜன்னல் கம்பியைப் பார்த்தே பதில் சொன்னார். அதுவும் "ஆமா", "இல்ல" என்ற இரண்டே பதில்கள். அவர் போனதும், "இவ்வளவு கர்வம் பிடிச்ச இடத்துல போய்ப் பொண்ணு எடுக்கறோமே" என்று என் கணவர் முணுமுணுத்தார். கர்வமாவது கத்தரிக்காயாவது! அந்த அம்மாளுக்குக் கண்ணுக்கு வேலை இருந்தால்தான் வாய் திறக்கும். அவ்வளவுதான் விஷயம்.

கண் சும்மா இருக்கும்போது அவர் ஊமை. அவருடைய கணவர் தையல்காரர், அவரும் பேசமாட்டார். அந்த வீட்டில் அதிகம் பேசுவது தையல் மிஷின்தான். உடம்புக்கு முடியாமல் டாக்டரிடம் போனால், எங்கே வலிக்கிறது என்பதைச் சுவரில் மாட்டியிருக்கும் எலும்புக்கூட்டுப் படத்திடம் சொல்லுவார். டாக்டர் நடுவில் ஏதாவது கேட்டால் அதுவும் நின்றுவிடும். ஆனால் அதே ஆளை வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்காரவைத்துப் பார்க்க வேண்டும். குழாயைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டுவார்.

நாங்கள் இரண்டு பேரும் வேலை பார்ப்பது மருந்து பாட்டில் செய்யும் தொழிற்சாலையில். உலையில் உருவாகி ஆறிய பாட்டில்கள் பெல்ட்டில் வரிசையாக வரும். பெல்ட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளை வெளிச்சம் அடிக்கும் பலகை, இந்தப் பக்கம் இரண்டு நாற்காலி; இதற்குத்தான் பெஞ்ச் என்று பெயர். முதல் நாற்காலியின் கண்ணுக்குத் தப்பியதை இரண்டாம் நாற்காலி பிடிக்க வேண்டும். பிடித்ததை அவரவர் காலடித் தொட்டியில் போட வேண்டும், அவ்வப்போது நாற்காலி மாறிக்கொள்ள வேண்டும். உருகாத மணல் துணுக்கு உள்ளே நின்றுபோனால் அதற்குப் பெயர் கல். காற்று மாட்டிக்கொண்டிருந்தால் கொப்புளம். கீறல் என்றால் கீறல்தான். எல்லாவற்றையும்விடப் பொல்லாதது ஊஞ்சல். பாட்டிலுக்குள்ளே இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்கு மயிரிழை மாதிரி ஒரு கண்ணாடி நூல் தொங்கும். மருந்தை ஊற்றினால் உடைந்து மருந்தோடு கலந்து, ஏற்கெனவே படுக்கையில் கிடக்கும் யாரோ ஒருவரின் தொண்டைக்குள் போகும். வேறு எதை விட்டாலும் ஊஞ்சலை விடக் கூடாது. நாள் முழுக்க இதேதான் வேலை.

பழைய மேஸ்திரி இருந்தவரை எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. அவர் எங்கள் முதுகுக்குப் பின்னால் நடந்துகொண்டே இருப்பார். எங்கள் வேலையை அவர் எட்டிக்கூடப் பார்த்ததில்லை, காதால் கேட்டே மேற்பார்வை செய்தார். எந்த பெஞ்சில் பேச்சுச் சத்தம் நின்றதோ அங்கே வந்து நிற்பார். "என்னம்மா, தூக்கமா? யாராவது ஏதாவது பேசுங்க" என்பார். பாட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தால் கண் திறந்தபடியே ஆள் தூங்கிவிடுவது அந்த வேலையின் குணம். வாய் ஓடினால் கண்ணும் ஓடும். இதை அவருக்கு யாரும் படிப்பித்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பிள்ளைகளின் கல்யாணமே அந்த பெஞ்சில்தான் முடிவானது. அப்போது நாங்கள் ஒருவரையொருவர் நீ, வா, போ என்றுதான் பேசிக்கொள்வோம்.

"உன் பையன் குடிப்பானா?"

"மாட்டான்."

"சிகரெட்?"

"கொப்புளம் வருது பார், விட்டுட்டே."

"நீ பிடி. சிகரெட்?"

"பிடிச்சுட்டேன். அந்தப் பழக்கமெல்லாம் கிடையாது."

"என் பொண்ணு கொஞ்சம் கோபக்காரி."

"என் பையன் கொஞ்சம் மந்தம். சரியாப் போச்சு."

சம்பந்தி ஒரு கல்லைத் தொட்டியில் போட்டார். "அப்ப பேசிடலாமா?" என்றார். "பேசிடலாம்" என்றேன். இரண்டு பேரும் தலையைத் திருப்பவே இல்லை. கல்யாணத்துக்குப் பிறகு 'நீ' போய் 'நீங்க' வந்தது. மற்றபடி பேச்சு நிற்கவில்லை. மருமகளோடு எனக்கு மனத்தாங்கல் வந்தால் வீட்டில் வாயைத் திறக்கமாட்டேன். காலையில் பெல்ட் ஓட ஆரம்பித்ததும், "உங்க பொண்ணு துணிக்கொடியில எனக்கு ஒரு முழம்கூட விடமாட்டேங்கறா" என்பேன். "சொல்லி வைக்கறேன். உங்க பையன் ஈரத் துண்டைக் கட்டில்லயே போடறானாமே" என்பார். "ஊஞ்சல்!" "பாத்துட்டேன்." "போடறான்தான், அவங்கப்பா வளர்ப்பு அப்படி" என்பேன். சாயங்காலத்துக்குள் எல்லாம் தீர்ந்துபோகும். எதிரெதிரே உட்கார்ந்து பேசியிருந்தால் இரண்டு குடும்பமும் என்றோ கோர்ட் வாசலில் நின்றிருக்கும்.

மேஸ்திரி ஓய்வு பெற்றார். புது மேனேஜர் வந்தார். தங்கமான பிள்ளை, அதை மறைக்கக் கூடாது. பெஞ்சுக்கு பெஞ்சு ஒரு செடி வைத்தார், நாற்காலிகளுக்கு மெத்தை போட்டார். பிறகு கேமராவில் பார்த்தபோது எல்லோருடைய வாயும் அசைந்துகொண்டிருந்தது அவர் கண்ணில் பட்டது. பேசினால் கவனம் சிதறும், கவனம் சிதறினால் பாட்டில் தப்பும் என்று அவர் படித்த இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பெஞ்சில் பேச்சு கூடாது என்று உத்தரவு வந்தது. நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பதால், ஜோடியில் ஒருவர் போய் வந்த பிறகுதான் மற்றவர் தேநீருக்குப் போகலாம் என்று இன்னொரு உத்தரவு. கூடத்தில் பாட்டில்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தம் மட்டும் மிஞ்சியது.

அமைதி வந்ததும் தூக்கம் வந்தது. கெட்ட பாட்டில்கள் பெட்டி பெட்டியாக வெளியே போய், பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. எங்களுக்கு அக்கறை போதவில்லை என்று மேனேஜர் முடிவு செய்தார். எனவே சோதனைப் பாட்டில்கள் வந்தன. தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேண்டுமென்றே கெடுத்த பாட்டில்களைப் பெல்ட்டில் நடுநடுவே விடுவார்கள். அடியில் ரகசியக் குறி இருக்கும்; எங்களிடம் தப்பியதைப் பெல்ட்டின் கடைசியில் அந்தக் குறியைப் பார்த்து எடுத்துவிடுவார்கள். தன்னிடம் வந்தவற்றில் எத்தனையை யார் தொட்டியில் போட்டார் என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். அந்தப் பாட்டில்களைக் கெடுத்தது ஒரே ஆள். அவர் கை எப்போதும் கழுத்துக்குக் கீழே ஒரே இடத்தில்தான் கீறும். ஒரு வாரத்தில் கூடம் முழுக்க அந்தக் கீறலைக் கூடப்பிறந்தவரைப் போல அடையாளம் கண்டுகொண்டது. எல்லோரும் அந்தக் கீறலுக்காக மட்டும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். எல்லோருக்கும் நூற்றுக்கு நூறு. நிஜமான கல்லும் கொப்புளமும் அவர்கள் மூக்குக்கு முன்னால் நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தன.

எல்லோரும் வாடிப்போயிருப்பதையும் மேனேஜர் கவனித்தார். கவனிக்காதவர் என்று அவரைச் சொல்ல முடியாது. மனநல நேரம் என்று ஒன்றை ஏற்பாடு செய்தார். நாள் முழுக்க வாயைக் கட்டிப்போட்டிருந்தவர்களை ஒரு அறையில் வட்டமாக உட்காரவைத்து, வெளியிலிருந்து வந்த பயிற்சியாளர் அம்மாள், "மனசு விட்டுப் பேசுங்க" என்றார். அவர் சம்பந்தியைப் பார்த்து, "என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்கம்மா, உங்க மனசுல என்ன இருக்கு?" என்று கேட்டார். சம்பந்தி கதவின் கைப்பிடியைப் பார்த்தார். நேரம் முடிந்ததும் எல்லோரும் கைதட்டினோம். தட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள்.

பாட்டில்கள் திரும்பி வருவது நிற்காததால் கடைசியாக ஜோடி விதி வந்தது. இனிச் சோதனைப் பாட்டிலை யாரும் கண்டுபிடிக்க முடியாத மாதிரி விடுவார்களாம். மாத முடிவில் மதிப்பெண் சமமாக இல்லாத ஒவ்வொரு ஜோடியிலும் குறைவாக வாங்கியவர் பேக்கிங் கூடத்துக்குப் போக வேண்டும். அதாவது எங்கள் பெஞ்சில் சம்பந்தி அல்லது நான்.

பேக்கிங் கூடத்தில் பெட்டி தூக்க வேண்டும், சம்பளமும் குறையும். அதெல்லாம் இருக்கட்டும். அந்த நாற்காலி போனால் அந்த மனுஷிக்கு உலகத்தில் பேச இடமே கிடையாது. மேனேஜர்கள் வருவார்கள், போவார்கள். உத்தரவும் அவர்களோடு போகும். நாற்காலி இருந்தால் பேச்சு என்றாவது திரும்பி வரும். நாற்காலியே போய்விட்டால் மீதி ஆயுளைத் தையல் மிஷின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் கழிக்க வேண்டும். இது எனக்கு நன்றாகத் தெரியும்.

விதி தொடங்கிய அன்று சம்பந்தி முதல் நாற்காலி. முதல் சோதனைப் பாட்டில் வந்தது. கண்டுபிடிக்க முடியாத பாட்டிலில் அதே கழுத்து, அதே கீறல். சம்பந்தி அதைத் தொடவில்லை. பாட்டில் அவரைத் தாண்டி என்னிடம் வந்தது. இவ்வளவு பெரிய கீறல் தெரியவில்லை என்றால் என்ன அர்த்தம்? அந்த அம்மாளுக்குக் கண் போய்விட்டது. நான் பிடித்தால் அவர் போய்விடுவார். பிடிக்கவில்லை, விட்டுவிட்டேன்.

வழக்கமாக இருந்தால், "என்ன சம்பந்தி, கண்ணு சரியாத் தெரியலையா?" என்று பாட்டிலைப் பார்த்துக்கொண்டே கேட்டிருப்பேன். அவரும் பாட்டிலைப் பார்த்துக்கொண்டே பதில் சொல்லியிருப்பார். இப்போது வாய் திறந்தால் கேமரா பார்க்கும். வீட்டுக்குப் போய், பெண்ணைக் கொடுத்த சம்பந்தியிடம் முகத்துக்கு நேரே "உங்களுக்குக் கண் அவிஞ்சுபோச்சா?" என்று எப்படிக் கேட்பது? கேட்கவில்லை. நாற்காலி மாறி நான் முதலில் உட்கார்ந்தபோதும் சோதனைப் பாட்டில்களை விட்டேன். அவற்றை அவர் பிடித்தால் அவருக்காவது மதிப்பெண் ஏறுமே என்று பார்த்தேன். அவர் பிடிக்கவில்லை. கண் போனது உறுதியாகிவிட்டது.

அதனால் எனக்கு வேலை இரட்டிப்பானது. நிஜமான கல், கொப்புளம், ஊஞ்சல் எல்லாவற்றையும் அவருக்கும் சேர்த்து நானே பார்க்க வேண்டும். ஓர் ஊஞ்சல் தப்பினால் யாருடைய தொண்டையோ கிழியும், பழி அவர்மேல் விழும். அந்த மாதம் எனக்குத் தூக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

இதற்கிடையில் வீட்டில் மருமகள் எல்லாவற்றிலும் கேரட்டைப் போட ஆரம்பித்தாள். பொரியலில் கேரட், குழம்பில் கேரட், காலையில் தம்ளர் நிறைய கேரட் சாறு. "ஏம்மா, கேரட் வண்டி ஏதாவது கவுந்துடுச்சா?" என்று கேட்டேன். "அம்மாதான் சொன்னாங்க அத்தை, உங்களுக்குக் கண்டிப்பாக் குடுக்கணும்னு" என்றாள். தனக்குக் கண் மங்கிப்போனதால் பார்ப்பவர்களுக்கெல்லாம் கேரட் சிபாரிசு செய்கிறார், பாவம் என்று நினைத்துக் குடித்தேன்.

மகனைத் தனியாக அழைத்து, "உன் மாமியாரைக் கண் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போடா" என்றேன். போன வேகத்தில் திரும்பி வந்தான்.

"அத்தை வரமாட்டேன்னுட்டாங்க. 'எனக்கெதுக்கு, உங்கம்மாவைக் கூட்டிட்டுப் போங்க'ன்னு சுவத்தைப் பாத்துச் சொல்றாங்க. உங்க ரெண்டு பேருக்கும் என்னம்மா சண்டை? ஒருத்தரை ஒருத்தர் குருடுன்னு சொல்லிக்கறீங்க?"

தனக்குக் கண் தெரியவில்லை என்பதை யார்தான் ஒப்புக்கொள்வார்கள்? "சண்டையெல்லாம் இல்ல, நீ போய்ச் சாப்பிடு" என்றேன். தட்டில் கேரட் இருந்தது.

மாதம் முடிந்ததும் மேனேஜர் எங்கள் இருவரையும் தன் அறைக்கு வரச் சொன்னார். அவர் கண் சிவந்திருந்தது. தேநீர் ஆடை படிந்து கிடந்தது.

"இந்த ஆலையில இப்படி ஒரு மதிப்பெண் வந்ததே இல்லம்மா. ரெண்டு பேருக்கும் பூஜ்யம்" என்றார். "இதுல எனக்குப் புரியாதது ஒண்ணுதான். இந்த மாசம் திரும்பி வந்ததுல உங்க பெல்ட் பெட்டி ஒண்ணுகூட இல்ல. மத்த எல்லா பெல்ட்டும் நூத்துக்கு நூறு வாங்கியிருக்கு, பெட்டி பெட்டியாத் திரும்பி வந்திருக்கு." பிறகு, "ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டுத்தானே இப்படிப் பண்ணீங்க?" என்றார்.

சம்பந்தி மேஜைமேல் இருந்த செடியைப் பார்த்தார். "பேசக் கூடாதுன்னு நீங்கதானே சார் சொல்லியிருக்கீங்க" என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. அவருக்குக் குத்தலாகப் பேசத் தெரியாது.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "பூஜ்யமா? எனக்குப் பூஜ்யம் சரி. நான் வேணும்னுதான் விட்டேன். இவங்களுக்குக் கண்ணு போனதால..."

"எனக்கா? உங்களுக்குத்தானே கண்ணு போச்சு!" என்றார் சம்பந்தி.

"எனக்கா?"

"என் கண்ணு நல்லாத்தான் இருக்கு. விதியை நெனச்சு முந்தின நாள் ராத்திரி தூங்கல. அந்த முதல் பாட்டில் வந்தப்ப உக்காந்தபடியே கண் அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா அது உங்களையும் தாண்டிப் போயிட்டிருக்கு. அவ்வளவு பெரிய கீறல் உங்களுக்குத் தெரியலயேன்னு அடுத்ததுலேர்ந்து நானும் விட்டுட்டேன்."

"நான் வேணும்னுதானே விட்டேன்!"

"பைத்தியமா உனக்கு?" என்றார் சம்பந்தி. மாப்பிள்ளையின் அம்மாவை ஒரு மேனேஜர் முன்னால் 'உனக்கு' என்றார். நான் அழுதுவிட்டேன். ஒரு மாதம் முழுக்க இவர் எனக்கும் சேர்த்து ஊஞ்சல் பார்த்திருக்கிறார், நான் இவருக்கும் சேர்த்துப் பார்த்திருக்கிறேன். ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் இரண்டு பேரும் நிம்மதியாகத் தூங்கியிருப்போம். எனக்கு அத்தனை கேரட்டும் மிச்சமாகியிருக்கும்.

மேனேஜர் ஆறிப்போன தேநீரைக் குடித்தார். "இதை நான் மேல எப்படிச் சொல்றது?" என்றார். நடந்ததை அப்படியே சொல்லலாமே என்றேன். "எனக்கும் ஜோடி போட்டிருக்காங்கம்மா" என்றார். அவருடைய ஜோடி இன்னோர் ஆலையின் மேனேஜராம். அங்கே எல்லோருக்கும் நூறாம். அதைச் சொன்னபோது அவரும் செடியைத்தான் பார்த்தார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதியை இன்னும் வைத்திருக்கிறேன். பூஜ்யத்தைச் சமநிலை என்று எடுத்துக்கொள்ள விதியில் இடமில்லையாம், அது தேர்ச்சியின்மையாம். இரண்டு பேரையும் பேக்கிங் கூடத்துக்கு அனுப்பினார்.

எங்கள் பெஞ்சில் புது ஜோடி உட்கார்ந்தது. முதல் வாரமே நூறு வாங்கினார்கள். பெட்டிகளும் வழக்கம்போலத் திரும்பி வர ஆரம்பித்தன.

பேக்கிங் கூடத்தில் பேச்சுக்குத் தடை இல்லை. அங்கே தடை போட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை, ஏனென்றால் பெட்டிகளுக்குப் பட்டை கட்டும் மிஷின் போடும் சத்தத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. பெட்டியின் இந்த முனையை நான் பிடிக்க வேண்டும், அந்த முனையை அவர் பிடிக்க வேண்டும், இருவரும் எதிரெதிரே. "தூக்குங்க", "விடுங்க" என்பதைக்கூட எதிரில் நிற்பவரின் வாயைப் பார்த்துத்தான் புரிந்துகொள்ள முடியும். முகத்தைப் பார்க்காவிட்டால் பெட்டி காலில் விழும். முதல் நாள் விழுந்தது. மறுநாளிலிருந்து சம்பந்தி என் முகத்தைப் பார்த்தார். வேண்டாவெறுப்பாக, மருந்து குடிப்பவர் மாதிரி பார்த்தார். தூக்குங்க, விடுங்க என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை வரவில்லை. தோள் வேறு இருவருக்கும் விண்விண்ணென்று வலித்தது. நாற்காலியும் போய்ப் பேச்சும் போனதா என்று எனக்குத் துக்கமாக இருந்தது.

ஒரு நாள் பெட்டியைக் கீழே வைத்தவர் அடுத்ததைத் தூக்கவில்லை. நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கு ஏன் விட்டீங்க?" என்று அவர் வாய் அசைந்தது.

"சொன்னேனே! உங்களுக்குக் கண் தெரியலன்னு. பாவம்னுதான்!" என்று கத்தினேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த காலத்தில் அவரிடம் நான் அளந்துவிட்ட பொய்களுக்குக் கணக்கே இல்லை. எதையும் அவர் கண்டுபிடித்ததில்லை.

"பொய்" என்றார்.

"நீங்க போயிட்டா பக்கத்துல யாரோ வந்து உக்காருவாங்களேன்னு பயமா இருந்துச்சு" என்றேன். காதில் கை வைத்து, "என்ன?" என்றார். இன்னும் சத்தமாகச் சொன்னேன். தலையை ஆட்டி, "என்ன?" என்றார். எனக்குக் கோபமே வந்துவிட்டது. இருக்கிற மூச்சையெல்லாம் திரட்டி, என் வீட்டுக்காரரிடம்கூட ஒருநாளும் சொல்லாததை அந்தக் கூடத்தின் நடுவில் நின்று கத்தினேன்: "நீங்க இல்லாம என்னால முடியாது!"

பட்டை கட்டுகிறவர் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

"மொதல் தடவையே புரிஞ்சுது" என்று சொல்லிவிட்டு, அடுத்த பெட்டிக்குக் குனிந்தார்.